புல்லுக்குக் கொழுந்து எங்கே?

கண்டி மலைகளில் இருக்கும் கலஹாப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொழுந்து என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. தேயிலைச் செடியின் உச்சியில் இரண்டு இலை, நடுவில் ஓர் அரும்பு. அதைக் கிள்ளிக் கூடையில் போட்டால், கீழே தூங்கிக் கிடந்த அரும்பு விழித்துக்கொள்ளும். அடுத்த சுற்றுக்கு ஆட்கள் வருவதற்குள் மட்டக்கம்பு வைத்த உயரத்துக்குப் புதுக் கொழுந்து வந்து நிற்கும். தேயிலை உச்சியில் வளரும் செடி. ரோஜாவும் அப்படித்தான், அவரையும் அப்படித்தான், பலா மரமும் அப்படித்தான்.

இப்போது அதே மலையின் கான் ஓரத்தில் நிற்கிற மானாப்புல்லைப் பாருங்கள். இதற்குக் கொழுந்து எங்கே?

“நுனியில்” என்று சொல்லத்தான் வாய் வரும். சொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தூரின் நடுவில், இன்னும் முழுசாக விரியாமல் சுருண்டபடி மேலே வந்துகொண்டிருக்கும் இளம் இலை ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். கத்தரிக்கோலால் அதன் நுனியைக் குறுக்காக, நேர்கோட்டில் வெட்டிவிடுங்கள். அடையாளத்துக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி, வெட்டிய இடம் எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கே குச்சியில் ஒரு கோடு போடுங்கள். வெளிப்புறத்தில் விரிந்து நிற்கும் பழைய இலையை வெட்டினால் ஒன்றும் நடக்காது. அது வளர்ந்து முடிந்துவிட்டது. நடு இலைதான் வேண்டும்.

சில நாள் கழித்துப் போய்ப் பாருங்கள். வெட்டிய நுனி அப்படியே மொட்டையாக இருக்கும். ஓரம் கொஞ்சம் காய்ந்து பழுப்பாகியிருக்கும். புதுத் துளிர் எதுவும் அந்த வெட்டில் வந்திருக்காது. ஆனால் மொட்டை நுனி உங்கள் கோட்டைத் தாண்டி மேலே போயிருக்கும்!

நுனி வளரவில்லை, இலை மட்டும் நீண்டிருக்கிறது. இடியப்ப உரலை அழுத்தும்போது முதலில் வெளியே வந்த நூல் முன்னால் போக, பின்னால் புது மா வந்துகொண்டே இருக்கிறதல்லவா, புல்லின் இலையும் அந்த மாதிரிதான் வருகிறது. நுனிதான் இலையின் மிகப் பழைய பகுதி. புதிய பகுதி அடியில், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உருவாகி மேலே தள்ளிவிடுகிறது. வெங்காயத் தாளை நறுக்கிவிட்டால் அது திரும்ப நீள்வதும் இதே வித்தையால்தான். ஆனால் இந்த வித்தையை வைத்து உலகத்தையே பிடித்த குடும்பம் புல் குடும்பம்தான். ஏறக்குறைய 12,000 இனங்கள். நெல், கோதுமை, சோளம், குரக்கன், கரும்பு, மூங்கில் எல்லாம் அதற்குள் அடக்கம்.

தூரிலிருந்து ஒரு தளிரைப் பிடுங்கி உரித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வெளி இலையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒவ்வோர் இலைக்கும் இரண்டு பகுதி உண்டு. கீழே குழாயாகச் சுற்றிக்கொண்டிருப்பது உறை. மேலே விரிந்து ஆடுவது தாள். இரண்டும் சேரும் இடத்தில் உள்பக்கமாக ஒரு மெல்லிய தோல், அல்லது மயிர் வரிசை இருக்கும். அதற்குச் சிறுநாக்கு என்று பெயர். மழைநீரும் தூசும் பூச்சியும் உறைக்குள் இறங்காமல் தடுக்க அது உதவுகிறது. உரித்துக்கொண்டே போனால், நீங்கள் “தண்டு” என்று பிடித்திருந்தது உண்மையில் தண்டே அல்ல, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இலை உறைகள்தான் என்பது தெரியவரும். கடைசி உறையையும் கழற்றியபின், வேருக்குச் சற்று மேலே, அரிசி மணியை விடச் சிறிதாக, வெளிறிய ஒரு முனை மிஞ்சும்.

அதுதான் புல்லின் கொழுந்து. மண் மட்டத்தில், எத்தனையோ உறைக்குள் ஒளிந்திருக்கிறது. மானா போன்ற புற்களில், பெரும்பாலும் பூக்கும் காலம் வந்தால்தான் அது உண்மையான தண்டாக நீண்டு மேலே கிளம்பும்.

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் புல்லைப் பற்றிய பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். ஆடு மேய்ந்தாலும் புல் ஏன் சாவதில்லை? ஆட்டின் வாய்க்கு எட்டுவது தாள் மட்டும்தான். விளையாட்டு மைதானத்தில் திரும்பத் திரும்ப வெட்டினாலும் ஏன் பச்சையாகவே இருக்கிறது? அரிவாளும் இயந்திரமும் கொழுந்துக்கு மேலேதான் ஓடுகின்றன. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டினால் செடி தழைத்து எழும்ப மாதக்கணக்கில் ஆகும். புல்லுக்கு அந்தத் தாமதம் இல்லை.

தீ கூட அதை ஒன்றும் செய்வதில்லை. கண்டியிலிருந்து பேராதனை வந்து, பல்கலைக்கழகத்தின் நடுவே போகிற கலஹா வீதியில் ஏறினால், ஒரு பக்கம் ஹந்தானை மலை தெரியும். அதன் மேல்பகுதிகளில் மரம் குறைந்து புல் படர்ந்த பத்தனைகள் இருக்கின்றன. மழை இல்லாத மாதங்களில் அங்கே தீ பரவுவதுண்டு. பெரும்பாலும் மனிதர் வைக்கும் தீ. மலை கறுத்துப்போய்விடும். முதல் மழை விழுந்ததும் கருகிய தூர்களின் நடுவிலிருந்து பச்சை கிளம்பும். பழைய இலை உறைகள் நெருக்கமாகச் சூழ்ந்து, உள்ளே இருக்கும் முனையைச் சூட்டிலிருந்து காத்திருக்கின்றன. தீயில் சாவது மரக்கன்றுகள்தான். அவற்றின் கொழுந்து உச்சியில் அல்லவா இருக்கிறது! அதனால் ஒவ்வொரு தீக்குப் பிறகும் மரம் குறைகிறது, புல் கூடுகிறது. மலையில் புல்லைப் பார்த்து “பச்சையாகத்தானே இருக்கிறது” என்று சந்தோஷப்பட முடியாது என்பது இதனால்தான்.

புல்லிடம் இன்னொரு ஆயுதமும் உண்டு. மானா இலையின் ஓரத்தை விரலால் அடியிலிருந்து நுனிப்பக்கம் மெதுவாக வருடினால் வழவழப்பாகத் தெரியும். நுனியிலிருந்து அடிப்பக்கம் வருடிவிடாதீர்கள், விரல் கிழியும். ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பற்கள் நிற்கின்றன. அவை சிலிக்கா. மணலும் கண்ணாடியும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே பொருள். புல் வேர் வழியாக மண்ணிலிருந்து அதை உறிஞ்சி, இலைக்குள் நுண்ணிய துகள்களாகச் சேர்த்துவைக்கிறது. மேய்கிற விலங்கின் பல்லைத் தேய்ப்பதற்கு இது போதும்.

இலை மக்கிப் போனாலும் அந்தத் துகள்கள் மக்குவதில்லை. இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலத்தின் பிஸ்துரா என்ற இடத்தில் டைனசோர்களின் சாணம் கல்லாக உறைந்து கிடைத்திருக்கிறது. அதை ஆராய்ந்தவர்கள் உள்ளே புல்லின் சிலிக்காத் துகள்களைக் கண்டுபிடித்து 2005ஆம் ஆண்டு அறிவித்தார்கள். அதுவரை, டைனசோர் காலத்தில் புல் இருந்ததற்கு நல்ல சான்று இல்லை என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன்னால் நீண்ட கழுத்து டைனசோர் மென்ற புல்லின் அடையாளத்தைச் சாணம் காத்து வைத்திருந்தது. சாணத்தைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்களால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா?

புல் மாதிரி இருப்பதெல்லாம் புல் அல்ல. சதுப்பு ஓரத்தில் நிற்கிற கோரையின் பூத்தண்டை விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். உருளாது, மூன்று விளிம்பு கையில் தட்டும். புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டையானது, இடையிடையே கணு உள்ளது. கோரையின் தண்டில் அப்படிக் கணு தெரியாது. நடைபாதை ஓரத்தில் நெருக்கி நடும், மொண்டோ புல் என்று விற்கிற குட்டைச் செடியும் புல் அல்ல. சாத்தாவாரியின் குடும்பத்தைச் சேர்ந்தது. கறிக்குப் போடும் ரம்பையும் புல் அல்ல. ஆனால் அதோடு சேர்த்துப் போடுகிற எலுமிச்சைப்புல், சிங்களத்தில் ‘சேர’ என்பது, அசல் புல்தான். மானாவுக்கு மிக நெருங்கிய சொந்தம். மானா இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தால் அந்த உறவு மூக்குக்கே தெரியும்.

பேராதனைப் பூங்காவில் மகாவலி ஆற்றோரம் நிற்கிற இராட்சத மூங்கிலும் புல்தான் என்று சொன்னால் சிலர் நம்ப மாட்டார்கள். பூங்கா 1821இல் தொடங்கப்பட்டது. இந்த மூங்கில் பர்மாப் பக்கத்திலிருந்து வந்த இனம். 30 மீற்றருக்கு மேல் உயரும். அடியில் இருக்கும் ஒரே கொழுந்தை வைத்துக்கொண்டு இந்த உயரத்துக்குத் தள்ள முடியுமா? முடியாது. அதனால் மூங்கில் ஒவ்வொரு கணுவுக்கு மேலும் ஒரு வளரும் இடத்தை வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கணுவிடையும் தன் தன் அடியிலிருந்து நீள, எல்லாம் சேர்ந்து குருத்து கண்முன்னே உயர்கிறது. நல்ல மழைக்காலத்தில் ஒரே நாளில் ஓரடி அளவுக்குக் கூட. அங்கே வேலை செய்த ஆர். எச். லொக் என்ற தாவரவியலாளர் இந்த மூங்கில்களின் வளர்ச்சியை அளந்து, காற்றின் ஈரப்பதத்துக்கும் வளர்ச்சி வேகத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1904இல் கட்டுரை எழுதினார். அடுத்த முறை பூங்காவுக்குப் போனால் மண்ணிலிருந்து அப்போதுதான் தலைகாட்டும் குருத்தைத் தேடிப் பாருங்கள். அதன் பருமன், பக்கத்தில் நிற்கும் முழு மூங்கிலின் பருமனோடு ஏறக்குறைய ஒத்திருக்கும். மரம் போல ஆண்டுதோறும் பருத்துக்கொண்டு போவதில்லை. வந்த பருமனோடு உயர்கிறது, அவ்வளவுதான்.

சரி, இந்தப் புல்லைத் தோட்டத்து ஓரத்தில் அழகுக்கு நடலாமா?

நடலாம். வெளிநாடுகளில் அதற்கென்றே பேர்பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியில் கார்ல் ஃபோர்ஸ்டர் என்பவர் (1874–1970), பூச்செடிகளுக்கு நடுவே உயரமான புற்களை நடும் வழக்கத்தைப் பரப்பினார். நியூயோர்க் நகரில், ரயில் ஓடாமல் கைவிடப்பட்ட ஒரு மேம்பாலத்தைத் தோட்டமாக்கி 2009இல் திறந்தார்கள். ஹை லைன் என்று பெயர். அதற்குச் செடிகளைத் தெரிவு செய்தவர் நெதர்லாந்தின் பீட் அவுடொல்ஃப். பனிக்காலம் முழுவதும் காய்ந்த புல்லைப் பொன்னிறமாக அப்படியே நிற்கவிட்டு, வசந்தம் வரும்போது அடியோடு வெட்டுகிறார்கள். பிறகு அது தானாகக் கிளம்புகிறது. ஏன் கிளம்புகிறது என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

ஆனால் எந்தப் புல் என்பதில் கவனம் வேண்டும். கினிப்புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபிரிக்காவில் பிறந்தது, மாட்டுத் தீவனத்துக்காக 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று வீதியோரம், கைவிட்ட மலை, ஆற்றோரம் எங்கும் அதுதான். நீரூற்றுப் புல் என்று ஓர் ஆபிரிக்க இனம் இருக்கிறது. ஊதா கலந்த கதிர் வளைந்து ஆடும், பார்க்க மிக அழகு. அலங்காரத்துக்காக ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். விதை காற்றில் பறந்து எரிமலைச் சரிவுகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. காய்ந்தால் எளிதில் தீப்பற்றும் என்பதால் அங்கே அது இப்போது பெரிய தொல்லை. இலுக்குப்புல்லின் கதை இன்னும் வேடிக்கை. நம் விவசாயிகள் தோண்டித் தோண்டி அலுத்துப்போன அந்தக் களையின் சிவப்பு இலை வகையை வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் காசு கொடுத்து வாங்கி நடுகிறார்கள். அதே இலுக்கை அமெரிக்க அரசு தீங்கான களைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகவே செடிக்கடையில் அழகான கதிரோடு ஒரு புல்லைப் பார்த்தால், விலையைக் கேட்பதற்கு முன் இது விதையால் பரவுமா என்று கேளுங்கள். கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால் வாங்காமல் வருவது நல்லது என்பது என் கருத்து.

கலஹா மாதிரி இடத்துக்கு என் தெரிவு மூன்றே மூன்று. பின் வரிசைக்கு, ஆளுயரம் வந்து ஆடட்டும் என்றால் மானா. அது நம் மலையிலேயே பிறந்தது. குசினிப் பக்கத்துக்கு எலுமிச்சைப்புல். சரிவின் ஓரத்துக்கு வெட்டிவேர், சிங்களத்தில் ‘சவந்தரா’. மூன்றுக்கும் நல்ல வெயில் வேண்டும். இவை சோளம், கரும்பு போல வெயிலையும் சூட்டையும் நன்றாகப் பயன்படுத்தும் தனி முறையில் உணவு தயாரிக்கிற புற்கள். அந்த முறையைக் கரும்பில் ஆராய்ந்து 1966இல் விளக்கியவர்கள் ஹட்ச், ஸ்லக் என்ற இருவர், ஆஸ்திரேலியாவில் வேலை செய்தவர்கள். பலா மர நிழலில் கொண்டுபோய் நட்டுவிட்டு, ஏன் நோஞ்சானாக நிற்கிறது என்று புல்லைக் குறை சொல்லக்கூடாது.

மூன்றில் வெட்டிவேரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கலஹாவில் தட்டையான தோட்டம் என்று ஒன்று கிடையாது. லயத்துக்கு முன்னால் இருக்கிற மரக்கறிப் பாத்தியானாலும் பாடசாலைப் பூந்தோட்டமானாலும் ஏதோ ஒரு பக்கம் சரிந்துதான் கிடக்கும். ஐப்பசி மழையில் வாசலுக்கு வரும் செந்நிறத் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிவப்பு, மேலே இருந்த மண். தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட காலத்திலிருந்து, அதற்கு முன் கோப்பிக்காகக் காடு வெட்டிய காலத்திலிருந்தே, இந்த மலைகளின் மேல்மண் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. கானும் கல்லுக்கட்டும் அதைத் தடுக்கத்தான். தேயிலைக்காரர்கள் புல்லையும் சேர்த்துக்கொண்டார்கள். கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கியதும் உடனே புதுக் கன்று நடுவதில்லை. ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை மானாவோ குவாத்தமாலாப் புல்லோ நட்டு, அவ்வப்போது வெட்டி அங்கேயே போட்டு மக்கவிட வேண்டும் என்பது தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனை. களைத்த மண்ணைப் புல் தேற்றிக் கொடுக்கிறது.

வெட்டிவேரின் சிறப்பு அதன் வேர். பல புற்களின் வேர் பக்கவாட்டில் படரும். இதன் வேர் நேரே கீழே இறங்கும். நல்ல மண்ணில் மூன்று மீற்றர் வரை. ஒரு வீட்டின் சுவர் உயரம்! மேலே தூர்கள் நெருங்கி நின்று வேலியாகும். சரிவில் ஓடிவரும் தண்ணீர் அந்த வேலியில் மோதும்போது வேகம் குறைந்து, இடுக்கு வழியாகக் கசிந்து கீழே போகும். தூக்கி வந்த மண் பின்னால் படியும். படிந்த மண் தூரை மூடிவிடாதா? மூடும். ஆனால் வெட்டிவேர் மூடப்பட்ட கணுக்களிலிருந்து புது வேர் விட்டு, தன் கொழுந்தையும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொள்ளும். மண் ஏற ஏற புல்லும் ஏறும். சில ஆண்டில் வேலிக்குப் பின்னால், யாரும் கல் அடுக்காமலே ஒரு படிக்கட்டு நிலம் உருவாகிவிடும்.

இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. மைசூருக்குத் தெற்கே குண்டலுப்பேட்டை வட்டாரத்து விவசாயிகள் நூறு ஆண்டுக்கு மேலாக வயல் எல்லையில் வெட்டிவேர் வரிசை வைத்திருந்தார்கள். 1980களில் உலக வங்கியின் வேளாண் நிபுணர்கள் மண் அரிப்புக்கு மலிவான வழி தேடி அலைந்தபோது இந்த வரிசைகளைப் பார்த்து வியந்தார்கள். அதற்குப் பிறகுதான் பல நாடுகளுக்கு இந்த முறை பரவியது. நறுமண வேருக்காக நம் பக்கத்தில் வளர்க்கும் வகை பெரும்பாலும் முளைக்கும் விதை கொடுப்பதில்லை. நட்ட இடத்திலேயே நிற்கும். கினிப்புல்லோடு ஒப்பிட்டால் மிகவும் நல்ல அயலவர்.

வரிசை நீர்மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஒரு முனை தாழ்ந்தால் தண்ணீர் அங்கே ஓடிக் கூடி அந்த இடத்தையே அறுத்துவிடும். மலைச்சரிவில் கண்ணால் மட்டம் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதற்கு ஒரு கருவி செய்யலாம். ஆளுயரக் கம்பு இரண்டை மேலே சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு கட்டுங்கள். ஆங்கில ‘ஏ’ எழுத்தின் வடிவம் வரும். உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். பிறகு வலது கால் இருந்த அதே இடத்தில் இடது காலும், இடது கால் இருந்த இடத்தில் வலது காலும் வரும்படி திருப்பி வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். இனி ஒரு காலை ஊன்றிவிட்டு, மற்றக் காலைச் சரிவில் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். நூல் நடுப்புள்ளியைத் தொடும்போது இரண்டு காலும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. அங்கே முளை அடித்துவிட்டு அடுத்த அடி வையுங்கள். முளைகளைக் கயிற்றால் இணைத்தால் கோடு மலையைச் சுற்றி வளைந்து போவது தெரியும். நேராக இல்லையே என்று திருத்திவிடாதீர்கள். அந்த வளைவுதான் சரி.

நடுவதற்கு மழை தொடங்கும் நேரம் நல்லது. பழைய தூரைத் தோண்டி எடுப்பது பெரியவர் வேலை. முதலில் ஒரு நீளக் கம்பால் தூரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், உள்ளே பாம்பு இருக்கலாம். அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ எடுத்துப் போங்கள். தோண்டிய தூரை இரண்டு மூன்று தளிர் சேர்ந்த துண்டுகளாகப் பிரியுங்கள். தாளை ஒரு சாண் அளவுக்கும் வேரை அரைச் சாணுக்குக் குறைவாகவும் வெட்டிவிடுங்கள். பாவமாகத் தோன்றும். ஆனால் வேர் பிடிக்கும் வரை தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. நீண்ட தாள் இருந்தால் இருக்கிற ஈரத்தையும் காற்றில் விட்டுவிடும். வெட்டினால் நட்டமில்லை என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே, கொழுந்து அடியில் பத்திரமாக இருக்கிறது. கயிற்று ஓரமாக ஒரு துண்டுக்கும் அடுத்ததுக்கும் 10 முதல் 15 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு நட்டு, அடிமண்ணை அழுத்துங்கள். இடையில் ஒன்று செத்தால் உடனே நிரப்புங்கள். ஓர் இடைவெளி விட்டாலும் தண்ணீர் எல்லாம் அந்த வாசலைத்தான் தேடும்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். புல் மேல்மண்ணைத்தான் பிடிக்கும். மலையே உள்ளுக்குள் அசைந்தால் மூன்று மீற்றர் வேரால் அதை நிறுத்த முடியாது. நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது தூண், திடீரென்று கலங்கிய ஊற்று, இவற்றைப் பார்த்தால் புல் நட நேரம் பார்க்காமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள். மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை வெளியிடும். அதைக் கேட்டு நடப்பதுதான் பாதுகாப்பு.

வரிசை பிடித்துக்கொண்ட பின் வேலை குறைவு. மூன்று நான்கு மாதத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒருமுறை வெட்டிவிட்டால் தூர் பக்கத்தில் வெடித்து நெருக்கமாகும். வெட்டிய தாளைக் கத்தரி, மிளகாய்ச் செடிகளின் அடியில் பரப்புங்கள். மண் காயாது, களையும் குறையும். கொஞ்சத் தூர்களை மட்டும் வெட்டாமல் விட்டுவைத்தால் பூவும் பார்க்கலாம். காலையில் ஒரு பூதக்கண்ணாடியோடு போங்கள். புல்லின் பூவுக்கு இதழ் இல்லை, தேன் இல்லை, வாசனையும் கிடையாது. பூச்சியை அழைக்கத் தேவை இல்லாதவர்கள் ஏன் செலவு செய்ய வேண்டும்? மெல்லிய நூலில் மகரந்தப் பை தொங்கி ஆடும். இறகாகப் பிரிந்த சூல்முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காற்று ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் போடும். அந்தக் காற்றுக்காகத்தான் கதிர் இவ்வளவு உயரத்தில் நிற்கிறது.

மானாவையும் எலுமிச்சைப்புல்லையும் பொறுத்தவரை, சில ஆண்டு போனபின் தூரின் நடு காய்ந்து ஓரம் மட்டும் பச்சையாக, ஒரு வளையமாக நிற்பதைக் காண்பீர்கள். நோய் என்று பயப்பட வேண்டாம். புதுத் தளிர்கள் பழைய தளிரின் வெளிப்பக்கத்தில் பிறந்து பிறந்து தூர் விரிந்துகொண்டே போகிறது. நடுவில் இருந்தவை வயதாகி முடிந்துவிட்டன. அடுத்த மழைக்கு முன் அந்தத் தூரைத் தோண்டி, செத்த நடுவை எடுத்துக் குப்பைக்குழியில் போட்டுவிட்டு, ஓரத்துத் தளிர்களைப் பிரித்து நடுங்கள். ஒரு தூரிலிருந்து உங்கள் ஓரத்துக்கு வேண்டியதும் கிடைக்கும், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும் மிச்சம் இருக்கும்.